மூன்றாவது சங்கு

வேட்டுக்கு முன்னால் ஒரு சங்கு,
குழியை விட்டு எல்லோரும் ஓட.
இரண்டாவதுக்குத் திரி பற்றும்.
வெள்ளைத் தூசி இறங்கிய பின்
மூன்றாவது: இனி வரலாம்.

கருப்பூர் வெள்ளைக்கல் குழியில்
முப்பத்தோரு வருஷம் இதுதான் கணக்கு.
காதில் பஞ்சு வைத்தால்
நீயெல்லாம் ஆம்பளையா என்பார் மேஸ்திரி.
அவருக்கு இப்போது
கதவைத் தட்டினாலும் கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற ஆறாவது மாசம்,
சூரமங்கலத்து வீட்டில், ராத்திரி பதினொன்றரைக்கு
முதல் சங்கு ஊதிற்று.
இன்னும் நிற்கவில்லை.

பாவாயியை எழுப்பினேன்.
ஃபிரிட்ஜைப் பிடுங்கினோம். மெயினையும் அணைத்தோம்.
இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்,
எனக்கு மட்டும் கேட்கும் ஒன்றுக்குக்
காது கொடுத்தபடி.

மலைக்கு வாங்க, அமைதியா இருக்கும் என்றான் மச்சான்.
இருபது கொண்டை ஊசி.
எட்டாவதில் காது அடைத்துத் திறந்தது,
கொஞ்சம் நம்பிக்கை வந்தது.
நாகலூரில் அன்றைக்கு நாய்கூடக் குரைக்கவில்லை.
காப்பிச் செடிமேல் பனி இறங்க இறங்கத்தான்
தெரிந்தது
அது எவ்வளவு பெரியதென்று.
காலை முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் கண்ணாடி அறை.
சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்க என்றாள் ஷகிலா பானு.
அவளுடையதற்கும் அழுத்தினேன்,
என்னுடையதற்கும் அழுத்தினேன்.
அவள் சிரிக்கவில்லை.

இடது காதில் அழுக்குருண்டை எடுத்தார்கள்.
பிரஷர் பார்த்தார்கள்.
மூட்டுவலி மாத்திரைச் சீட்டைத்
திருப்பித் திருப்பிப் படித்தார்கள்.
காதிரைச்சல் என்று எழுதிவிட்டுச் சொன்னாள்:
உள்ளே இருக்கற சின்னச் சின்ன மயிரு செத்துப்போச்சுங்க.
வராத சத்தத்துக்கு மூளை காத்திருக்குது,
காத்திருந்து காத்திருந்து
தானே ஊதிக்குது.

நிக்குமா?

நிக்கும்னு சொல்ல மாட்டேன்.
நீங்க அதைக் கவனிக்கறது குறையும்.

இப்போது காதில் மிஷின்.
மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது,
கம்பளிக்குள்ளிருந்து பாவாயி திட்டுகிறாள்.
திட்டு முழுசாகக் கேட்கிறது, கடைசி எழுத்து வரை.
விடியும் முன்னே கூட்ஸ் வண்டி போகும்போது
நானும் அதுவும் சேர்ந்தே கேட்கிறோம்.

நேற்று மத்தியானம் கொய்யா நறுக்கினாள்.
உப்பு வேணுமா என்றாள்.
பிரஷர் என்றேன். மிளகாய்த்தூள் மட்டும் தூவினாள்.
யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசினோம்,
ஒரு மணி நேரம் இருக்கும்.
அந்த ஒரு மணி நேரமும் சங்கு இருந்ததா?
கேட்டுக்கொண்டதும் வந்துவிட்டது.

வரட்டும்.
குழியில் யாருமில்லை, ஓடுவதற்கு.
தட்டில் இன்னும்
பாதிப் பழம் இருந்தது.