இரண்டு குற்றி இடைவெளி

கூட்டத்துக்கு நான் போகவில்லை.
போகாத ஆளைத்தான் தெரிவு செய்வார்கள்.
ஆறு மாடிக்கும் கதவுப் பொறுப்பு:
சம்பளமில்லை, ஒரு கொப்பி,
இரண்டு ரூபாக் குற்றி இரண்டு.

ஆரியகுளம் சந்திக்குக் கிழக்கே எங்கள் தொடர்மாடி.
படிக்கட்டுப் பக்கம் மாடிக்கொரு தீக்கதவு.
சாம்பல் நிறம், நிறை கூட.
தள்ளினால் திறக்கும். விட்டால்
அவசரமில்லாமல் தானே வந்து
சாத்திக்கொள்ளும்.
அதன் வேலை அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை சோதிப்பேன்.
கதவுக்கும் நிலைக்கும் நடுவில்
குற்றி இரண்டையும் சேர்த்து நுழைப்பேன்.
இறுக்கமாகப் போனால் சரி.
ஆடினால் கொப்பியில் எழுதுவேன்.
சூடு பட்டால் பொங்கி வெடிப்பை அடைக்கவென்று
ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டி ஓடும்.
இரண்டாம் மாடியில் குடிபூரலுக்கு
அதன்மேலேயே பெயின்ற் அடித்துவிட்டார்கள்,
மாவிலைத் தோரணத்துக்கு நாலு ஆணியும்.

சோளகம் பிறந்தால் ஒருவருக்கும் கதவு பிடிக்காது.
"காத்தை மறிக்குது பிள்ளை."
முதலாம் மாடியில் பூச்சாடி.
நாலாம் மாடியில் பாதிச் சீமெந்துக் கல்.
மூன்றாம் மாடியில் அருந்தவச்செல்வி அக்காவின்
அம்மிக்குழவி.
மிக்சி வந்தபின் சும்மா கிடந்தது,
கதவுக்கு முட்டுக்கொடுக்கப் போனது.
எடுத்து ஓரமாக வைப்பேன், விடிய அதே இடத்தில் இருக்கும்.
நோட்டீஸ் ஒட்டினேன்.
அதன்மேல் ரியூசன் நோட்டீஸ்.

ஐந்தாம் மாடிப் பேரின்பநாயகம் மாஸ்ரர் மட்டும்
காரணம் சொன்னார்:
"ஷெல் விழுந்த வருசங்களில
பூட்டாமல்தான் படுத்தனாங்கள், பங்கருக்கு ஓட.
சாத்தின கதவுக்குப் பின்னால
எனக்கு நித்திரை வராது."
கொப்பியில் அதற்கு நிரல் இல்லை.
கதவைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் ஓரிரவு கரண்ட் போனது.
மிக்சி பாதியில் நிற்க,
செல்வி அக்கா சம்பலுக்காகக்
குழவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.
மாதக்கணக்கில் திறந்து நின்ற கதவு
மெல்ல வந்து
க்ளிக் என்றது. ஒருவரும் கேட்கவில்லை.
அதே இருட்டில், அதே மாடியில்
கம்பஸ் பெடியள்
மெழுகுதிரியை யன்னல் சீலைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுக்
கொத்துரொட்டி வாங்கப் போயிருந்தார்கள்.

"நெருப்பு" என்று ஆரோ கத்தக்
கைபேசி வெளிச்சத்தில் நாங்கள் இறங்கினோம்,
சாரத்தோடு, குழந்தையோடு, பாஸ்போட் பையோடு.
படியில் புகை இல்லை.
அதுதான் விசித்திரம், இருட்டு மட்டும் இருந்தது.
மூன்றாம் மாடியைக் கடக்கும்போது
மாஸ்ரர் ஒரு கணம் நின்று
கதவில் உள்ளங்கையை வைத்தார்.
சுட்டிருக்க வேண்டும். எடுத்துவிட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் அடித்து முடித்த தீயணைப்புக்காரர்
முற்றத்தில் வந்து கேட்டார்:
"மூண்டாம் மாடிக் கதவைச் சாத்தினது ஆர்? நல்ல வேலை."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் செல்வி அக்காவைப் பார்த்தேன்.
நகைப்பெட்டியை விட்டுவிட்டு
குழவியோடு ஓடி வந்திருந்தா,
செத்தல் மிளகாய் ஒட்டினபடி
அது அவவின் கக்கத்தில்.

விடிந்தபின் போய்ப் பார்த்தோம்.
உட்பக்கம் கரி. பட்டி
பாண் மாவாய்ப் பொங்கி நிலையோடு ஒட்டியிருந்தது.
படிப்பக்கம் அதே சாம்பல் நிறம்,
நான் துடைத்த துணியின் கோடுகூட அழியாமல்.

புதுக் கதவு போட்டு ஒரு மாதம் ஆகவில்லை.
இன்று செவ்வாய்.
மூன்றாம் மாடி: இரண்டு குற்றி, இறுக்கம், சரி.
ஐந்தாம் மாடி: சாத்தியிருக்கிறது.
மாஸ்ரருக்கு நித்திரை வருகிறதோ தெரியாது, கேட்கவில்லை.
நாலாம் மாடி:
ஆரோ செருப்பு வைத்திருக்கினம்.
இடக்கால்.