வந்துச்சா?

கிண்டி அரங்கில் நாற்பத்தோரு புரோகிராமர்கள்.
திரையில் பேராசிரியர்
'இன்ஹெரி'யிலேயே உறைந்துவிட்டார்,
வாய் பாதி திறந்தபடி.

நவம்பர் மழை.

மொட்டைமாடியில் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
எபினேசர் கத்துகிறான்: வந்துச்சா?
மாடிப்படியில் நான்: வந்துச்சா?
அரங்க வாசலில் பத்மாசனி: புள்ளி புள்ளியா வருது!
நான் மேலே: புள்ளி!

ஒரு ஆப்ஜெக்ட்டுக்கு
இன்னொன்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று
தெரியவே வேண்டாம்,
செய்தி போனால் போதும்
என்று மழைக்கு முன்பு சொல்லியிருந்தார்.
எபினேசர் திரையைப் பார்த்ததில்லை.
நான் இதுவரை
அந்த டிஷ்ஷைப் பார்த்ததில்லை.

வந்துச்சா?

வந்தது.
பேராசிரியர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டையைப் பிழிந்தபடி இறங்கிவந்த எபினேசர் கேட்டான்:
என்னதான் சொன்னாரு?

பத்மாசனி என்னைப் பார்த்தாள்.
நான், பழக்கதோஷம்,
மேலே பார்த்தேன்.