நாய் உதறும் பதினான்கு படங்கள்

மிஷன் வீதியில் வக்கீல் ரொசாலியின் அறை.
இரண்டு திரைகளை ஒட்டி வைத்திருக்கிறார்.
இடப்பக்கம் என் ஆறு நிமிடப் படம்.
வலப்பக்கம் அவர்களுடையது,
மூன்று நாடுகள் பணம் போட்டு எடுத்தது.
இரண்டிலும் மழை.
இரண்டிலும் ஒரு நாய் நனைந்து வந்து நின்று
உடம்பை உதறுகிறது.

காதைப் பாருங்கள் என்றேன்.
மூக்கு திரும்பி முடித்த பிறகும்
இடக்காது வந்துகொண்டே இருக்கும்,
கல்யாண வேனைத் தவறவிட்ட உறவுக்காரர் மாதிரி
இரண்டு படம் பிந்தி.
அது என்னுடைய காது.

வக்கீல் எழுதிக்கொண்டார்:
காது. இடது. தாமதம்.

எப்போது வரைந்தீர்கள்?
தானே புயலுக்கு அடுத்த வருடம்.
லாசுப்பேட்டையில் எங்கள் ஸ்டூடியோவுக்குக் கீழே டீக்கடை,
அதன் வாசலில் ஒரு நாய்.
தலையில் சிவப்புத் திட்டு, நம்மூர் போலீஸ் தொப்பி போல.
கெப்பி என்று கூப்பிடுவோம்.
முள்வேலியில் மாட்டிக் கிழிந்த காது.

சரி, அந்த உதறலை எங்கே கற்றீர்கள்?

ஏழு வருடம் எனக்கு இடைப்படம் போடும் வேலை.
கண்ணாடி மேசை, அடியில் விளக்கு, முழங்கைக்குச் சூடு.
ஒசாகாவில் ஒருவர் கை ஓங்குவதை வரைவார்.
கை இறங்கிவிட்டதையும் அவரே வரைவார்.
நடுவில் உள்ள ஐந்து கைகள் நான்.
அவர் கரடி ஒன்றை உலுக்கிக் காட்டியிருந்தார்:
எலும்பு முதலில், தோல் பிறகு,
மயிர் எல்லாவற்றுக்கும் கடைசி.
அதையும் அவர் ஏதோ பனிநாட்டுப் பொம்மைப் படத்தில்
பார்த்துப் பிடித்ததாக சூப்பர்வைசர் சொன்னார்.
நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

வக்கீலிடம் சொன்னது:
சொந்தமாக.

அவர் கடைசிப் பெயர்ப்பட்டியலை ஓடவிட்டு
ஓரிடத்தில் நிறுத்தினார். இவரைத் தெரியுமா?
ஹபீப். பரங்கிப்பேட்டை ஹபீப்.
பக்கத்து மேசை.
என் ரப்பரை வாங்கித் திருப்பித் தராதவன்.
இரவு ஷிப்ட் இடைவேளையில்
பன்னை டீயில் தோய்த்துத் தோய்த்து
கெப்பிக்குப் போட்டவன்.

அப்படியானால் நேரடித் தொடர்பு என்றார் வக்கீல்.
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.
ஜெயிக்கலாம்.

நான் அந்த நாய்க்கு எதுவும் போட்டதில்லை.
பார்த்தேன், வரைந்தேன்.
பன் போட்டவனுக்கு அந்தக் காதில்
ஒரு ஓரமாவது பாத்தியதை கிடையாதா?
இதற்குப் பிரமாணப் பத்திரத்தில்
இடம் விட்டிருக்கவில்லை.

ராத்திரி முத்தியால்பேட்டையில் கரண்ட் போய் வந்த பிறகு
இரண்டையும் படம் படமாக நிறுத்தி எண்ணினேன்.
என்னுடையது பதினான்கு.
அவனுடையது பதின்மூன்று.
மறுபடி எண்ணினேன். பதின்மூன்றேதான்.
ஒன்பதாவது இல்லை:
சுழற்சியின் நடுவில் கெப்பி ஒரு கணம்
கண்ணை மூடுவது.
அதற்காக ஒரு ஞாயிறு முழுக்க
டீக்கடை பெஞ்சில் நனைந்தவள் நான்.

கோபம் அப்போதுதான் வந்தது.
எடுத்தவன் முழுசாக எடுத்திருக்கக் கூடாதா?

எப்படிக் கெடுத்திருக்கிறான் என்று பார்க்க
என் படத்திலும் அதை உருவிவிட்டு ஓட்டினேன்.

நாய் உதறியது.
மூக்குக்கண்ணாடியில் தெறித்தது போல
தலையைப் பின்னுக்கு இழுத்தேன்.

சேர்த்து ஒரு தடவை. உருவி ஒரு தடவை.
பக்கத்து வீட்டில் யாரோ இருமிவிட்டுத்
திரும்பிப் படுத்தார்கள்.
சேர்த்தால் அழகாக இருந்தது.
உருவினால் நாய் இருந்தது.

ஒன்பதாவதை உறையில் போட்டு
இழுப்பறையில் வைத்தேன்.
என் படத்திலும் இனிமேல் பதின்மூன்றுதான்.
அவன் எண் இன்னும் போனில் இருக்கிறது,
ரப்பர் ஹபீப் என்று.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
வக்கீல் கூப்பிட்டார்.
சான்றுக்கு அசல் பிரதி வேண்டுமாம்,
யார் கையும் படாதது.