ஆறாவது கட்டம்

பெருமாநல்லூர் ரோட்டில் எங்கள் கம்பெனி.
நானூற்றுப் பதினோரு பேர்,
ஆளுக்கு எக்செலில் ஒரு வரி.
பெயர், ஊர், பிரிவு, சேர்ந்த தேதி, சம்பளம்.
ஆறாவது கட்டம் முதலாளி புதிதாய்ப் போடச் சொன்னது:
வேறென்ன தெரியும்?

எல்லாம் அந்தச் சாம்பல் துணியால் வந்தது.
எங்கள் டியூப் லைட்டில் சாம்பல்,
டென்மார்க்காரன் கடை வெளிச்சத்தில் லேசாய் ரோஸ்.
ஒன்பதாயிரம் பீஸ் கப்பலேறாமல் நின்றது.
மும்பையிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்தார்,
இரண்டு நாள், எண்பதாயிரம், மேலே ஜிஎஸ்டி.
ஒரு நீலச் சாயத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு
நெய் ரோஸ்ட் சாப்பிட்டுப் போனார்.

மறுநாள் பேக்கிங்கில்
பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே பொன்னுலிங்கம்:
"நீலத்த மாத்தோணும்னு
பாத்தன்னைக்கே தெரியுமுங்க."
பெருந்துறைச் சாயப்பட்டறை லேபில் ஏழு வருசம்,
பட்டறை பூட்டியதும் இங்கே.
என் பட்டியலில் அவர்: பேக்கிங், ஹெல்பர்.

ஏனுங்க சொல்லல?

"சொன்னா லேபும் என்ற தலைல உழுகும்,
சம்பளம் மட்டும் பேக்கிங்லயே நிக்கும்.
அட போங்கம்மிணி."
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

தாள் கொடுத்தேன் எல்லோருக்கும்.
முக்கால்வாசி வெறுமையாய்த் திரும்பியது.
ஒருத்தன் 'கபடி' என்று எழுதியிருந்தான்.
ஓவர்லாக் மயிலாத்தாள்
'ஒன்றும் தெரியாது', முத்து முத்தான கையெழுத்தில்.
மெஷின் நின்றால் அவள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை,
கொண்டை ஊசியால் என்னவோ செய்கிறாள், ஓடுகிறது.
பார்த்திருக்கிறேன்.
நானும் அதை எழுதவில்லை.

முப்பத்திரண்டாவது வரி என்னுடையது.
ஹாஸ்டல் பிள்ளைகளோடு இருந்து இருந்து
ஒடியா பழகிவிட்டது.
சுபத்ரா நாயக் போனில் அம்மாவோடு போடும் சண்டை
வார்த்தைக்கு வார்த்தை விளங்கும்.
எழுதினால்
ராத்திரி பதினொன்றுக்கு வார்டன் கூப்பிடுவார்.
அதுகூடப் பரவாயில்லை.
சூபர்வைசரைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதை
சூபர்வைசருக்கே பெயர்த்துச் சொல்லச் சொல்வார்கள்.
'ஒ' என்று அடித்தேன்.
அழித்தேன்.

பிறகு, கேட்காமலே ஏழாவதாய் ஒரு கட்டம்:
தெரிந்ததற்கு எவ்வளவு?
முதலாளி பார்த்தார். கால்குலேட்டரை எடுத்தார்.
போன் அடித்தது, நூல் கமிட்டிக்காரர்.
வைத்துவிட்டுப் போய்விட்டார்.
ஏழாவது கட்டம் இன்னும் அழியவில்லை, நிரம்பவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பொழுதோட
பொன்னுலிங்கம் கதவோரம் நின்று சொன்னார்:
"அந்தக் கட்டத்துல எதாச்சும் உழுந்தா
ஒரு சத்தம் குடுங்கம்மிணி.
அந்த நீலமும் மழ காலத்துல தாங்காது."