நாற்பத்தைந்து சென்டிமீட்டர்

ஆஸ்பத்திரியில் என் சட்டைப்பையில் ஒரு பேட்ஜ் உண்டு.
நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில்
ஈயக் கவசத்துக்குப் பின்னால் நிற்பவள் நான்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிவைப்பார்கள்.
ஒன்றுமில்லை என்றே எப்போதும் பதில் வரும்.

வீட்டுக்கும் வந்தன இரண்டு கறுப்புப் பெட்டிகள்,
ஷூ பாலிஷ் டப்பா அளவில்.
ஹாலில் டிவி பக்கம் ஒன்று,
தமயந்தி படுக்கிற அறையில் ஒன்று.
அதற்கும் மூன்று மாதம்தான்.
பதில்: ஆயிரத்து நூற்று நாற்பது.
இருநூறைத் தாண்டினால் ஏதாவது செய்யுங்கள் என்று
கீழே பணிவாக ஒரு வரி.

நாயகம் அந்தத் தாளை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்,
நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்குமோ என்று.

ரெட்ரூத்தில் மண் என்பது பேருக்குத்தான்.
கொஞ்சம் தோண்டினால் கருங்கல்.
வெள்ளீயம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள்;
கல்லுக்குள் இருக்கும் யுரேனியம் போகவில்லை.
அவசரமே இல்லாமல் தேய்ந்து தேய்ந்து
ஒரு கட்டத்தில் காற்றாகிறது.
நிறமில்லை, வாசமில்லை,
கதவைத் தட்டும் பழக்கமும் இல்லை.

கம்பெனிக்காரன் கேட்ட கூலியில்
மூன்று பேரும் பாளையங்கோட்டை போய்வரலாம்.
நாயகத்தின் தோள் அந்தத் திறப்பில் நுழையாது.
ஆக, நான்.

கம்பளத்தைச் சுருட்டி, இரண்டு பலகை கழற்றி,
முகமூடி, நெற்றியில் விளக்கு.
நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில்
என் வீட்டுக்கு அடியில் கிடந்தேன்.
ஒரு முழங்கால். பிறகு ஒரு கை.
பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்தில் செங்கீரை,
எனக்கு நாற்பத்தோராம் வயதில்.
தலையசைத்து ஆடு என்று பாட ஆளில்லை.
அசைத்தால் ஆணி.

சுவரடியில் ஆறு காற்றுத்துளைச் செங்கற்கள்.
ஆறும் அடைப்பு.
நுரை, பழைய காலுறை, மக்கிய செய்தித்தாள்:
முன்னே இருந்தவர்களுக்குக் குளிர் ஆகவில்லை.
அப்படி ஐந்து.
ஆறாவதில் நீலத் துணி, அதன் ஓரத்தில்
சலவைக்காக நான் தைத்த என் பெயர்.
வந்த வருஷத்து ஜனவரி அது.

உளியால் நுரையைச் சுரண்டும்போது
தலைக்கு மேல் இசக்கியண்ணன் குரல்
பலகை இடுக்கில் ஒரு சொல் சிந்தாமல் இறங்கியது.
"வித்துட்டு லண்டன் பக்கம் வந்துருங்க.
அந்தத் தாளப் பத்தி மட்டும்
வாங்குறவன்கிட்ட மூச்சு விட்றாதீங்க."
நாயகத்தின் பதில் கேட்கவில்லை.
நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது.

மூச்சு விடாதே.
முகம் படும் தூரத்தில் கல்.
கல்லே விட்டுக்கொண்டிருக்கிறது,
மனுஷி எப்படி விடாமல் இருப்பது?

உளியின் காம்பால் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன்.
மேலே பேச்சு நின்றது.
"எலியா?" என்றார் இசக்கியண்ணன்.
"இல்ல," என்றார் நாயகம்.

பிறகு குழாய், விசிறி,
கூரைக்கு மேல் ஒரு வாய்.
அடுத்த மூன்று மாதத்துக்கு எண்பத்தாறு.
தரை மட்டும் சில்லென்று இருக்கிறது,
காலுறை மேல் காலுறை.
ராத்திரி கரண்ட் போய் விசிறி நின்றால்
முதலில் விழிப்பவர் நாயகம்தான்.
வீட்டை விற்கவில்லை. விற்கிற அன்று
இரண்டு தாளும் சாவியோடு போகும்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.
திருமதி பென்ஹேல் சிரித்தார்:
"ஐம்பது வருஷமாக இதே காற்றுதானே, கண்ணு."
ஆனாலும் பெட்டியை வாங்கிக்கொண்டார்.
நேற்று எட்டிப் பார்த்தேன்.
அதன் மேல் பின்னல் துணி விரித்து
பீங்கான் நாய் ஒன்றை உட்காரவைத்திருக்கிறார்.
எடுக்கச் சொல்ல வேண்டும்.
நாளைக்குப் போகும்போது
கொஞ்சம் முறுக்கும் கொண்டுபோக வேண்டும்.