எட்டாவது கேள்வி

படிவத்தின் எட்டாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.
"பயிற்சி முடித்தவர்களில்
வேலைக்குப் போனவர்கள் எத்தனை?"
சின்னக் கட்டம். ஓர் எண் உட்காரலாம், அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த், வெள்ளிக்கிழமை மதியம்.
சந்தையில் வெங்காய மூட்டை இறங்கும் சத்தம்.
சௌந்தரி ஆன்டியின் மீன்கடைக்குப் பின்னால்
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
கதவு கழற்றிய பிரிஜ்கள் வாய் பிளந்து நிற்கின்றன,
பல் வைத்தியரிடம் வந்தவை போல.

இதற்கு முன் ஐந்து சான்றிதழ்கள் வாங்கியிருந்தேன்.
நேர்முகத் தேர்வில் சிரிப்பது எப்படி என்று ஒன்று.
கணினி அடிப்படை இரண்டு முறை,
அதே பாடம், வேறு முத்திரை.
அம்மா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு
சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.
சாமி திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஆறாவது, இந்தக் குளிர்சாதனப் பயிற்சி.
மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், சேர்ந்தேன்.
சொல்ல வெட்கமில்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் உம்லாசியிலிருந்து
இரண்டு டாக்சி மாறி மிலுங்கிசி வருவான்.
சரிசெய்பவன் என்று சூலு மொழியில் அந்தப் பெயருக்கு அர்த்தம்.
முதல் வாரமே மூன்று பியூஸ்களை எரித்தான்.
"பேரை மாத்துடா" என்றான் தேவாஷன்.
அறை முழுக்கச் சிரிப்பு. அவனும்தான் சிரித்தான்.

மின்வெட்டு முடிந்து
மின்சாரம் அடித்துக்கொண்டு வந்த ஓர் இரவில்
ஆன்டியின் பெரிய பிரீசர் செத்தது.
உள்ளே சனிக்கிழமைக்கு வாங்கிய வஞ்சிரம்.
கம்பெனிக்காரன் திங்கட்கிழமை வருகிறேன் என்றான்.
மீனுக்குத் திங்கட்கிழமை தெரியாது.

நான் டார்ச் பிடிக்க, மிலுங்கிசி படுத்துக்கொண்டு துழாவினான்.
ரிலே கருகியிருந்தது.
குப்பைக்குப் போகவிருந்த ஒரு பிரிஜிலிருந்து
ஒன்றைப் பிடுங்கி மாட்டினோம்.
மூன்றாம் தடவை அது இருமியது.
பிறகு முனக ஆரம்பித்தது,
காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.

ஆன்டி நன்றி சொல்லவில்லை, கால்குலேட்டரை எடுத்தாள்.
"பின்னறை உங்களுக்கு. வாடகை வேண்டாம்.
என் நாலு பிரீசரும் ஒரு நாள்கூட நிக்கக் கூடாது."
மீன் சுற்றும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
அதில் ஒரு செதில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஆறு பேர் சேர்ந்தோம்.
பத்து பிரிஜ் விற்றால் ஒன்று காசில்லாமல் போகும்.
முதலாவது, மூன்றாம் யூனிட் குழந்தைகள் காப்பகத்துக்கு,
பால் புட்டி வைக்க.
இரண்டாவது ஒரு வீட்டுக்கு, இன்சுலினுக்காக.
அந்த வீட்டின் பெயரைப் படிவம் கேட்கிறது.
நான் எழுதவில்லை.
சம்பளம் என்று யாரும் சொன்னதில்லை, பங்கு என்போம்.
சில மாதம் அந்தப் பங்கு
டாக்சிக் காசுக்கு மேல் எட்டு ரேண்ட்.

போன வாரம் மிலுங்கிசிக்கு உம்ஹ்லாங்காவில் வேலை.
பெரிய கம்பெனி. சீருடை, மருத்துவக் காப்பீடு,
மாதக் கடைசியில் தவறாமல் பணம்.
கேக் வெட்டினோம்.
நான் குழாயைத் திறந்துவிட்டு
கழிப்பறையில் அழுதேன்.
இதற்குத்தானே பயிற்சி? இதற்குத்தான்.
அவன் ஸ்பேனரை என் மேசையில் விட்டுப் போயிருக்கிறான்,
கைப்பிடியில் சுற்றிய நீல டேப்புடன்.

ஆக, விடை: ஒன்று.
மற்ற ஐந்து பேர் வேலைக்குப் போகவில்லை.
வேலைதான் எங்களிடம் வருகிறது,
தள்ளுவண்டியில் சாய்ந்தபடி,
தரையெல்லாம் தண்ணீர் சொட்ட.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினால் ஏற்கமாட்டார்களாம்,
போன வருடமே சொன்னார்கள்.

"குபேஷ்ணி, சோப்புத் தண்ணி கொண்டா,
எங்கேயோ காஸ் கசியுது!"
தேவாஷன் குரல்.
காற்றில் பறக்காதிருக்க
படிவத்தின் மேல் ஸ்பேனரை வைத்துவிட்டு
வாளியைத் தேடுகிறேன்.