கீழ்க் குழாய்

மூக்கையூரில் லோடு ஏற்றி
சாயல்குடி தாண்டியதும் முள் ஏறுகிறது.
மேடே இல்லாத ரோடு. வெயிலும் இறங்கியாச்சு.
பின்னால் பதினோரு பெட்டி நகரை;
ஐஸ் சொட்டுவதை
முதுகு எண்ணிக்கொண்டே வருகிறது.

ஹெட் கேஸ்கெட் என்றான் கமுதிக்காரன்.
வாட்டர் பம்ப் என்றார் மிக்கேல் ராயன்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கடலில் போடு என்றது ஐஸ் கம்பெனி.
வண்டியை வித்துரு கித்தேரி,
இது மற்ற எல்லாரும்.

விடியலில், ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து
ஸ்டார்ட் பண்ணிக் குனிந்து பார்த்தேன்.
குமிழி இல்லை.
ஆயில் பால் நிறமாகவில்லை.
பெல்ட் சரி, பம்பும் கசியவில்லை.
சூடேறியதும் மேல் குழாயைத் தொட்டேன், சுட்டது.
கீழ்க் குழாய்
ராத்திரி வாளியில் நின்ற தண்ணீர் போலக் கிடந்தது.

நடுவில்தான் எங்கேயோ நிற்கிறது.

அடித் திருகைக் கழற்றினேன்.
முதலில் துரு, டீ நிறத்தில்.
அப்புறம் வெள்ளை வெள்ளையாய்ச் செதில்,
வெந்நீர்ப் பானையடியில் நான் சுரண்டுவேனே, அது.
இடுப்பைப் பிடித்தபடி வந்து நின்ற வீட்டுக்காரர்
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.
அவருக்கு ஸ்கேனில் காட்டியது
ஏழு மில்லிமீட்டர்.

ஒரே கிணறு.
பத்தொன்பது வருஷமாய் ரெண்டு பேருக்கும்
ஒரே உவர்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன்.

ராடு விட்டுக் குத்தப் பரமக்குடி போகணும்.
அதற்குள் லாரி ஹாரன் அடித்துவிட்டது.
நல்ல தண்ணீர், குடம் பன்னிரண்டு ரூபாய்.
வழக்கமாய் ஒன்று வாங்குவேன், விருந்தாளிக்கு.

நாலு என்றேன்.
யார் வந்திருக்கா, என்று எட்டிப் பார்த்தான் லாரிக்காரன்.
முற்றத்தில்
பானெட்டைத் தூக்கியபடி அது,
பக்கத்தில் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தபடி இவர்.